அக்டோபரில் தீர்த்தன் ஆறு: ட்ரவுட் தூண்டிலுக்கு ஒரு திட்டம்

குளிர்ந்த மலை ஆற்று மீனான ட்ரவுட்டைப் பிடிக்கப் போகலாமா என்று யாராவது ஆரம்பித்தால் போதும், உடனே எந்த ராடு, எந்த ரீல், எந்த ஸ்பின்னர் என்று வாட்ஸ்அப் குழுவில் நாள்கணக்கில் சண்டை ஓடும். காலண்டரை மட்டும் யாரும் கையில் எடுக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் மலை ஆற்றுக்குப் போகிற பயணத்தில் முக்கால்வாசி விஷயம் தேதி குறிக்கும்போதே முடிந்துவிடுகிறது. தப்பான வாரத்தில் போனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கின ராடும் வெறும் குச்சிதான்.

நாங்கள் போகப்போவது இமாச்சலில் குல்லு மாவட்டத்தில் இருக்கிற தீர்த்தன் ஆறு. அங்கே நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடியும்வரை ட்ரவுட் பிடிக்கத் தடை. பிரவுன் ட்ரவுட் முட்டையிடுகிற காலம் அது. மார்ச்சில் திறப்பார்கள், ஆனால் அப்போது தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும், மீனும் அசையச் சோம்பல்படும். ஏப்ரலில் பரவாயில்லை. மே, ஜூன் வந்தால் மேலே பனி உருகத் தொடங்கி, காலையில் கண்ணாடியாக ஓடிய ஆறு மதியத்துக்கு மேல் சாம்பல் கலங்கலாக ஏறி வரும். காலையில் மட்டும் தூண்டில் போட்டுவிட்டு மிச்ச நேரம் டீ குடித்துக்கொண்டு உட்காரலாம் என்றால் போகலாம்தான், ஆனால் அது வட இந்தியாவில் பள்ளி விடுமுறை, டெல்லிக்காரர்கள் எல்லாரும் மலையில்தான் இருப்பார்கள். ஜூலை, ஆகஸ்ட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2023 ஜூலையில் பியாஸ் ஆறு பெருகி ஔட் அருகே இருந்த பழைய பாலம் அப்படியே அடித்துக்கொண்டு போன காணொலியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தீர்த்தன் பள்ளத்தாக்குக்குத் திரும்புகிற இடம் அதுதான்.

மிச்சம் இருப்பது செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் முடிய. மழை ஓய்ந்து, தண்ணீர் தெளிந்து, ஆற்றின் அளவும் கால் வைத்து இறங்கக்கூடிய அளவுக்குக் குறைந்திருக்கும். சரி, அக்டோபர் என்று வைத்துக்கொண்டால் நம் ஊர்க்காரனுக்கு அடுத்த சிக்கல் லீவு. ஆயுத பூஜை, விஜயதசமி, அதோடு ஒரு சனி ஞாயிறு ஒட்டிக்கொண்டால் அதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். அங்கேதான் குல்லு தசரா குறுக்கே வருகிறது. ஊரில் எல்லா இடத்திலும் தசரா முடிகிற அன்றைக்குத்தான் குல்லுவில் தொடங்கும், ஒரு வாரம் நடக்கும். சுற்றுவட்டாரக் கிராம தெய்வங்களையெல்லாம் பல்லக்கில் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு, கொம்பும் மேளமுமாக தால்பூர் மைதானத்துக்கு நடந்தே வருவார்கள். தீர்த்தன் பள்ளத்தாக்கில் இருக்கிற பஞ்சார் ஊர்ப் பக்கத்துப் பெரிய தெய்வம் சிருங்க ரிஷி. ஆமாம், தசரதனுக்குப் புத்திரகாமேஷ்டி செய்து வைத்த நம்ம ரிஷ்யசிருங்கர்தான், இங்கே தெய்வமாகிப் பல்லக்கில் போகிறார். பார்க்க வேண்டிய திருவிழா, அதில் சந்தேகமே இல்லை, ஆனால் மீன் பிடிக்கிற பயணத்தோடு அதைச் சேர்க்காதீர்கள். பேருந்தில் இடம் கிடைக்காது, டாக்சிக்காரர் சொல்வதுதான் விலை, தங்கும் வீட்டுக்காரரே தன் தெய்வத்தோடு குல்லுவுக்குப் போயிருந்தாலும் ஆச்சரியப்பட முடியாது.

அதனால் எங்கள் கணக்கு இப்படி: தசரா வாரம் கழிந்த பிறகு, சீசன் மூடுவதற்குள், தீபாவளிக்கு வீட்டில் இருக்கிற மாதிரி. விஜயதசமி அக்டோபர் முதல் வாரத்திலேயே வருகிற வருடங்களில் இது சுலபம். இருபதாம் தேதியை ஒட்டி வந்தால் இடுக்கில் நுழைகிற கதை, அந்த வருடங்களில் தசராவுக்கு முன்னாலேயே, செப்டம்பர் கடைசியில் போய்விட்டு வந்துவிடுவது நல்லது. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, முன்பு மாதிரி 120 நாள் இல்லை, அதனால் ஆகஸ்ட்டிலேயே தேதியை முடிவு செய்தாக வேண்டும்.

"அதுக்கு எதுக்கு இமாச்சல் வரைக்கும், நம்ம ஊட்டியிலயே ட்ரவுட் இருக்கே?" என்று எங்கள் குழுவில் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. நூறு வருடத்துக்கு மேலாகவே இருக்கிறது. 1900-களின் தொடக்கத்தில் ஹெச். சி. வில்சன் என்பவர் பாடுபட்டு அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து ரெயின்போ ட்ரவுட்டை நீலகிரி ஓடைகளில் நிலைக்கச் செய்தார். ஆனால் அந்தப் பழைய நல்ல ஓடைகளில் பெரும்பகுதி இன்றைக்கு முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள்ளும் காப்புக்காட்டுக்குள்ளும் இருக்கிறது, தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு நாம் பாட்டுக்கு நுழைய முடியாது, நுழையவும் கூடாது. மூணாறு பக்கமும் ஏறக்குறைய இதே நிலைமை. காஷ்மீர் பிரமாதம்தான், அங்கே ஓடுகிற லிடர் ஆற்றுக்கு ஈடு இல்லை என்பார்கள், ஆனால் செலவும் தூரமும் எங்கள் பையைத் தாண்டியவை.

தீர்த்தனில் என்ன விசேஷம் என்றால், அது இன்னும் ஆறாக ஓடுகிறது. பக்கத்துப் பள்ளத்தாக்குகளான சைஞ்சிலும் பார்வதியிலும் மின் திட்டங்கள் வந்து தண்ணீரைச் சுரங்கத்துக்குள் திருப்பிவிட்டன. தீர்த்தனிலும் சின்னச் சின்னதாகப் பல திட்டங்கள் வருவதாக இருந்தன, பஞ்சார் தொகுதியின் முன்னாள் எம்.எல்.ஏ. திலாராம் ஷபாப் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு நீதிமன்றம் வரை போய் நின்றார், திட்டங்கள் நின்றன. அந்த மனிதருக்குத் தூண்டில்காரர்கள் ஒரு கும்பிடு போட வேண்டும். ஆறு உற்பத்தியாகிற மேல்பகுதி பெரிய இமாலய தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, 2014-இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம். பூங்கா வாசலுக்கு வெளியே, குஷைனியிலிருந்து கீழே நாகினி, பஞ்சார் என்று, பியாஸில் கலக்கிற லார்ஜி வரை ஓடுகிற நீளத்தில்தான் நமக்கு வேலை.

ட்ரவுட் அங்கேயும் வந்தேறிதான், இதை மறந்துவிட வேண்டாம். ஸ்காட்லாந்திலிருந்து 1900 வாக்கில் காஷ்மீருக்கு வந்த பிரவுன் ட்ரவுட், அங்கிருந்து 1909-இல் ஹோவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி மூலமாக முட்டையாகக் குல்லுவுக்கு வந்து சேர்ந்தது. ரெயின்போ பெரும்பாலும் பண்ணை மீன், வெள்ளத்தில் தொட்டி உடைந்து ஆற்றுக்கு வந்தவையும் உண்டு. உண்மையான உள்ளூர் மீன் பனி ட்ரவுட் என்று சொல்கிற கெண்டை இனம், பெயரில்தான் ட்ரவுட், வெள்ளி நிறம், பொடிச் செதில், வாய் அடிப்பக்கம் திரும்பியிருக்கும். பிரவுன் ட்ரவுட் போட்டியிலும் அணைகளாலும் அது ஏற்கெனவே குறைந்துகொண்டு வருகிறது. அதனால் எங்கள் குழுவில் ஒரு விதி: பனி ட்ரவுட் மாட்டினால் போட்டோகூட எடுக்காமல் விட்டுவிட வேண்டும், சாப்பிடுவதாக இருந்தால் பிரவுனையோ ரெயின்போவையோ எடுத்துக்கொள்ளலாம்.

போகிற வழி. சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு ஏறினால் மூன்றாம் நாள் காலை டெல்லி. அன்று பகல் முழுக்க டெல்லியில் சும்மா இருந்துவிட்டு சாயங்காலம் காஷ்மீரி கேட் நிலையத்தில் மணாலி போகிற இமாச்சல் அரசு வால்வோவைப் பிடிக்கலாம். மணாலி வரை டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை, விடியற்காலையில் ஔட் சுரங்கத்துக்கு முன்னாலேயே இறங்க வேண்டும். அந்தச் சுரங்கம் சுமார் 3 கிலோமீட்டர், தூங்கிப்போய் உள்ளே போய்விட்டால் திரும்பி வர வண்டி தேட வேண்டும், அதனால் நடத்துனரிடம் ஏறும்போதே சொல்லி வைத்து, அலாரமும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து லார்ஜி வழியாகப் பஞ்சார் 30 கிலோமீட்டர் போல, அதற்கு மேல் ஒரு பத்து போனால் குஷைனி. உள்ளூர்ப் பேருந்து உண்டு, தூண்டில் குழாயும் மூட்டையுமாக நாலு பேர் என்றால் டாக்சிதான் சரி. புந்தருக்கு விமானமும் இருக்கிறது, சின்ன விமானம், மேகம் கொஞ்சம் இறங்கினால் ரத்து, விலையும் கன்னாபின்னா. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பணம் பஞ்சாரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேலே நெட்வொர்க் இருந்தால் ஜிபே, இல்லையென்றால் காந்தி நோட்டுதான்.

தங்குவதற்கு ஆற்றை ஒட்டி மரவீடுகள் நிறைய வந்துவிட்டன. சில இடங்களுக்கு அக்கரைக்குப் போகக் கம்பியில் தொங்குகிற கூடைதான் வழி, உட்கார்ந்துகொண்டால் இழுத்துவிடுவார்கள். வீட்டிலிருந்து இறங்கினால் ஆறு என்கிற மாதிரி இடமாகப் பாருங்கள், மற்ற வசதியெல்லாம் அப்புறம். ஏன் என்றால் நல்ல நேரம் சட்டென்று வந்து சட்டென்று போய்விடும், வண்டி பிடித்துப் போய்ச் சேருவதற்குள் வெயில் ஏறிவிடும்.

இப்போது எங்கள் குழுவின் நிரந்தரப் பஞ்சாயத்து. "மச்சான், அவ்ளோ தூரம் போறோம், மணாலியும் ஜலோரியும் பார்த்துட்டு வந்துடலாம்டா" என்கிறான் ஒருவன். ஜலோரி கணவாய் 3,120 மீட்டர், பஞ்சாரிலிருந்து ஜிபி என்கிற ஊர் வழியாக ஏறினால் அரை நாள் வேலை, மதிய நேரத்தில் மீன் மந்தமாக இருக்கும்போது போய் வரலாம், அதற்கு நான் தடை சொல்லவில்லை. மணாலி முடியாது. மணாலியைச் சேர்த்த நிமிடமே தூண்டில் ஒரு காலைப்பொழுதாகச் சுருங்கிவிடும். மலை ஆற்றில் முதல் நாள் பெரும்பாலும் ஆற்றைப் படிக்கவே போய்விடும், எந்தப் பாறைக்குப் பின்னால் தண்ணீர் தேங்குகிறது, எந்த மடுவில் வெயில் எப்போது விழுகிறது என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடிபடும். இரண்டாம் நாளில்தான் மீனே வரத் தொடங்கும். மூன்று முழு நாள் ஆற்றங்கரையில் இருக்க முடியாவிட்டால் இவ்வளவு தூரம் போவதில் அர்த்தமில்லை என்பது என் கட்சி.

சாமான் விஷயத்துக்கு வருகிறேன், கேட்காமல் விடமாட்டீர்கள். ஆறு அல்லது ஏழு அடி மெல்லிய ஸ்பின்னிங் ராடு, நாலாக மடிகிற மாதிரி வாங்கினால் ரயில் பெர்த்துக்கடியில் போட்டுக்கொள்ளலாம். 1000 அல்லது 2000 அளவு ரீல், ஆறு பவுண்டு தாங்குகிற தூண்டில் நரம்பு போதும். முட்டுக்காட்டிலும் கோவளத்திலும் கொடுவாய்க்குப் போடுகிற கனமான தங்கூஸ் இங்கே கயிறு மாதிரி தெரியும், தெளிந்த தண்ணீரில் மீன் அதைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போய்விடும். சுழல்கிற தகடு வைத்த சின்ன ஸ்பின்னர், 0, 1, 2 நம்பர்களில் நாலைந்து, கரண்டி மாதிரி வளைந்த தகடான ஸ்பூன் சின்னதாக இரண்டு. மூன்று கொக்கி இருந்தால் கழற்றிவிட்டு ஒற்றைக் கொக்கி போட்டு, அதன் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள், மீனை விடுவதும் சுலபம், உங்கள் விரலில் ஏறினாலும் எடுப்பது சுலபம். மண்புழு வேண்டாம். கொத்தும், நன்றாகவே கொத்தும், ஆனால் தொண்டைவரை விழுங்கிவிடும், அப்புறம் அந்த மீனை உயிரோடு விட முடியாது. பூச்சி மாதிரி கட்டின பொய் இரையான ஃப்ளை போடத் தெரிந்தவர்கள் ஒன்பது அடி, 5 வெயிட் ராடு கொண்டுவரலாம். தெரியாதவர்கள் அங்கே வந்து கற்றுக்கொள்ள நினைக்காதீர்கள், பின்னால் இருக்கிற மரமெல்லாம் உங்கள் ஃப்ளை தொங்கும், ஊரிலேயே ஏதாவது மைதானத்தில் வீசிப் பழகிவிட்டு வாருங்கள்.

ராடைவிட முக்கியமானது காலில் போடுவது. ஆற்றுப் பாறை உருண்டை, மேலே பாசி, கொஞ்சம் அசந்தால் இடுப்பு போய்விடும். அடியில் ஃபெல்ட் வைத்த செருப்போ, நல்ல பிடிமானமுள்ள பழைய ஷூவோ கட்டாயம். போலரைஸ்டு கண்ணாடி ஒன்று. சட்டை மண் நிறத்தில் இருக்கட்டும், சிஎஸ்கே மஞ்சள் ஜெர்சியைப் பையிலேயே வைத்துவிடுங்கள் (ஒருவனுக்கு மட்டும் இது எழுதப்பட்டிருக்கிறது, அவனுக்குத் தெரியும்). விமானத்தில் போகிறவர்கள் கொக்கியும் ராடும் செக்-இன் பையில், பவர் பேங்க் கையில்.

ட்ரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். சாப்பாடு மேலிருந்துதானே மிதந்து வருகிறது. அதனால் கீழேயிருந்து மேல்நோக்கி நடந்து, மீனுக்குப் பின்பக்கமாகப் போக வேண்டும். நிழல் தண்ணீரில் விழக்கூடாது, கல்லை உருட்டக்கூடாது, சத்தம் காதுக்குக் கேட்பதைவிட அதன் உடம்புக்கு முன்னால் தெரிந்துவிடும். பெரிய பாறை ஒன்று ஆற்றை இரண்டாகப் பிளக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், பாறைக்குக் கீழ்ப்பக்கம் ஓட்டம் குறைந்து ஒரு அமைதியான திட்டு இருக்கும், வேகமான நீருக்கும் அந்த அமைதிக்கும் நடுவில் நுரை ஒரு கோடாக ஓடும். அந்தக் கோட்டின் ஓரம்தான் இடம். பாறைக்கு இரண்டு கை மேலே ஸ்பின்னரைப் போட்டு, ஓட்டத்தைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றிக்கொண்டு வந்தால் தகடு சுழல்கிற துடிப்பு ராடு நுனியிலிருந்து உள்ளங்கைக்கு வரும். துடிப்பு சட்டென்று நின்றால் ஒன்று கல், இல்லையென்றால் மீன். கல்லாக இருந்தாலும் பரவாயில்லை, மணிக்கட்டால் ஒரு வெட்டு. பல தடவை ஒரு பழுப்பு நிழல் ஸ்பின்னர் பின்னாலேயே கால் அருகில்வரை வந்து, உங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். அந்த மடுவை அதோடு விட்டுவிடுங்கள், அரைமணி நேரம் அது வாயைத் திறக்காது.

அக்டோபரில் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓட வேண்டாம். தண்ணீர் அப்போது ரொம்பக் குளிர், மீனும் படுத்திருக்கும். வெயில் மலைமுகட்டைத் தாண்டி ஆற்றில் விழுந்து பூச்சிகள் கிளம்புகிற ஒன்பது, பத்து மணிதான் காலை நேரம். மதியம் இடைவெளி. மூன்றரைக்கு மேல் நிழல் இறங்கும்போது மறுபடியும் ஒரு நல்ல மணி நேரம் கிடைக்கும். மாதக் கடைசி என்றால் இன்னொன்றும் பாருங்கள், ஆழமில்லாத பொடிக்கல் பரப்பில் மீன்கள் சேரத் தொடங்கியிருக்கும், அவை முட்டையிடப் போகிற இடம், அங்கே கால் வைத்து நடக்கக்கூடாது.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை, இதில் விளையாட்டு வேண்டாம். 2014 ஜூனில் ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த 24 பொறியியல் மாணவர்கள் லார்ஜி அணைக்குக் கீழே பியாஸ் ஆற்றில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அணை திறந்த தண்ணீரில் போய்விட்டார்கள். லார்ஜிக்குக் கீழே பியாஸில் தூண்டில் போடும் ஆசையே வேண்டாம். தீர்த்தனில் அணை இல்லை, ஆனால் மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடித்தாலும் ஆறு ஏறும். தண்ணீர் லேசாகக் கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வர ஆரம்பித்தால் ரீலைச் சுற்றிக்கொண்டு உடனே கரை ஏறுங்கள், மீன் மாட்டியிருந்தாலும் நரம்பை அறுத்துவிட்டு ஏறுங்கள். நடு ஆற்றுப் பாறையில் நின்றுகொண்டு செல்ஃபி எடுப்பவன் எங்களோடு வரவேண்டாம்.

அனுமதிச் சீட்டு மீன்வளத் துறையில் நாள் கணக்கில் கிடைக்கும், தங்கும் வீட்டுக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் ஏற்பாடு செய்துவிடுவார். ஆனால் சீட்டு உங்கள் பெயரில், உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும், காவலர் வந்து கேட்பார். எத்தனை மீன், எந்த அளவுக்குமேல் என்பதற்கெல்லாம் வரம்பு உண்டு. எங்களுக்கு அந்த வரம்பைத் தொடுகிற எண்ணமே இல்லை, இரவுச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒன்று, மிச்சமெல்லாம் திரும்ப ஆற்றுக்கு. விடப்போகிற மீனைத் தொடுவதற்கு முன் கையை நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த கை பட்டால் அதன் மேல் வழவழப்பு உரிந்து பூஞ்சை பிடித்துவிடும். தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றி, முகத்தை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்திருந்தால் கொஞ்ச நேரத்தில் செவுள் சீராக அசையும், அப்புறம் தானே போய்விடும்.

சமையல். ட்ரவுட்டுக்குச் செதில் ரொம்பப் பொடி, நம்ம ஊர் மீன் மாதிரி உரசத் தேவையில்லை. வயிற்றைக் கீறிக் குடலை எடுத்த பிறகு முதுகெலும்பை ஒட்டி உள்ளே கருஞ்சிவப்பாக ஒரு ரத்தக்கோடு இருக்கும், அதைக் கட்டைவிரல் நகத்தால் நீளமாகச் சுரண்டிக் கழுவினால் போதும், அதை விட்டுவிட்டால் கசக்கும். உப்பு, மஞ்சள், கொஞ்சம் மிளகாய்த்தூள், கடுகெண்ணெயில் முழு மீனாகப் பொரித்துத் தருவார்கள் அங்கே. கடுகெண்ணெய் வாசனை நமக்கு முதலில் மூக்கில் ஏறும், புகையவிட்டுக் காய்ச்சச் சொல்லுங்கள், சரியாகிவிடும். எங்கள் ஆள் ஒருவன் புளியும் குழம்பு மிளகாய்த்தூளும் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். சதை மென்மை, மணமும் மெல்லியது, புளிக்குழம்பில் போட்டால் எந்த மீன் என்றே தெரியாது, அதற்கு வஞ்சிரம் போதுமே என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்கிற ஜாதி இல்லை. பண்ணை ட்ரவுட் விலைக்குக் கிடைக்கும், அவன் அதில் குழம்பு வைத்துக்கொள்ளட்டும்.

திரும்பி வருவதற்கு டெல்லி ரயிலை ஒரு நாள் தள்ளியே போடுங்கள். மண்டிக்கும் பண்டோவுக்கும் நடுவே சாலையில் மண் சரிந்தால் மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும், மழைக்காலம் முடிந்த பிறகும் அது நடக்கும். காலை வந்து சேருகிற பேருந்தை நம்பி அன்றைக்கே ரயில் போடுவது தட்கலுக்குத் தட்சணை வைக்கிற வேலை. ஒரு நாள் கையில் மிஞ்சினால் ஈரமாக இருக்கிற ஷூவைக் காயவைத்துக்கொண்டு கனாட் பிளேஸ் பக்கம் இட்லி சாப்பிடலாம். தேதியை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், முன்பதிவு திறக்கிற அன்று காலை எட்டு மணிக்கு நான் உட்கார்ந்து போடுகிறேன், மணாலி கேட்கிறவன் அவன் டிக்கெட்டை அவனே போட்டுக்கொள்ளலாம்.